திரும்பிச் சென்று பார்த்த தாள்கள்

முதல் நாள்: ஆன்ட்வெர்ப்

வடிவமைப்புக் கல்வியின் இறுதியாண்டில் அச்சோவியத்தை எனக்குரிய துறையாகத் தேர்ந்திருக்கிறேன். ஆண்டு முடிவதற்குள் இருபது அச்சுப் படிகள் கொண்ட ஒரு தொகுப்பை நான் ஒப்படைக்க வேண்டும். எதை அச்சிடப் போகிறாய் என்று கேட்கப்பட்டபோதெல்லாம் நான் காட்டிய மாதிரிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்ததைக் கவனித்த என் ஆசிரியை, கிளம்புவதற்கு முதல்நாள் ஒரு சிறு குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, "பிடித்தது எது என்று இதில் எழுத வேண்டாம். கடந்து போன பிறகு எந்தத் தாளிடம் திரும்பி வந்தாய் என்பதை மட்டும் எழுது" என்றார். பிடித்தது எது என்று கேட்டால் படித்ததையும் பிறர் பாராட்டியதையுமே மனம் எடுத்துச் சொல்லும், கால்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்பது அவருடைய எண்ணம். ஆறு நாட்களில் ஐந்து ஊர்களைக் காணும் இந்தப் பயணத்தை அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இன்று காலை வரை என் ரசனை என்னவென்று எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். கூர்மையான கோடு, மாசற்ற வெள்ளை, முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் வேறுபாடு சொல்ல முடியாத சீர்மை ஆகிய மூன்றும் இருந்தால் அது நல்ல அச்சு. அந்த நம்பிக்கைக்கு ஏற்ற இடம் என்றுதான் ஆன்ட்வெர்ப்பிலிருந்து தொடங்கினேன்.

பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகம் ஒரு குடும்பத்தின் வீடும் அச்சகமும் சேர்ந்தது. பிரான்சிலிருந்து வந்து இங்கே புத்தகக் கட்டுநராக வாழ்ந்த கிறிஸ்டோஃப் பிளான்டின் 1555இல் அச்சுத்தொழிலைத் தொடங்கினார். அவருக்குப் பின் மருமகன் மொரேட்டஸின் வழியினர் மூன்று நூற்றாண்டுக் காலம் அதை நடத்தி, 1876இல் வீட்டோடும் கருவிகளோடும் நகரத்துக்கு விற்றனர். அடுத்த ஆண்டே அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. உலகில் இன்று எஞ்சியிருக்கும் அச்சு இயந்திரங்களில் மிகப் பழையவை இரண்டு, 1600ஐ ஒட்டிச் செய்யப்பட்டவை, கீழ்த்தளத்தில் வரிசையின் ஓரத்தில் நிற்கின்றன. கருத்த மரச்சட்டமும், இழுத்து இழுத்து வழவழப்பேறிய கைப்பிடியுமாக நிற்கும் அவற்றின் முன், அச்சு என்பது உடல் எடையைக் கொடுத்துச் செய்த வேலை என்பது சொல்லாமலே விளங்கியது.

ஆனாலும் நான் திரும்பி வந்து நின்றது இயந்திரத்தின் முன்னால் அல்ல. இங்கே ஏறத்தாழ 14,000 மரக்கட்டைகள் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் பெரும் பகுதி தாவரங்களின் படங்கள்; பிளான்டினின் மூலிகை நூல்களுக்காகப் பீட்டர் வான் டெர் போர்ஹ்ட் முதலியோர் வரைந்து, செதுக்குவோர் கட்டையில் வெட்டியவை. மரச்செதுக்கில் கோட்டை யாரும் செதுக்குவதில்லை. கோட்டைத் தொடாமல் விட்டு, அதன் இருபுறமும் உள்ள மரத்தை வெட்டி நீக்கிவிட்டால், நீக்கப்படாத மேடு மையை ஏந்தித் தாளுக்குத் தருகிறது. ஓர் இலை நரம்புக்கு இரண்டு வெட்டு வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நிழல் போட்ட இடத்தில் கோடுகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு சிறு கட்டத்தையும் தனித்தனியே குடைந்து எடுக்க வேண்டும். அந்தக் கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சமமாக இருப்பதால் எழுத்தும் படமும் ஒரே இழுப்பில் அச்சாகிவிடும். கோடு பள்ளமாக வெட்டப்படும் செப்புத்தகட்டுப் படம் என்றால் அதே தாளை வேறொரு உருளை இயந்திரத்தில் இரண்டாவது முறை செலுத்த வேண்டும். நேரமும் செலவும் கூடும். செப்பின் நுண்மைக்காக அந்தச் செலவையும் ஏற்ற முன்னோடிகளில் பிளான்டின் ஒருவர்.

அந்தக் கட்டைகளில் ஒன்று, வேரோடு பிடுங்கிய ஒரு செடியின் படம். பக்கத்திலேயே அந்தக் கட்டையிலிருந்து எடுத்த அச்சும் இருந்தது. அச்சு நான் சொல்லிவந்த இலக்கணத்துக்கு முழுதும் பொருந்தியது. ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டேன். கட்டையை விட்டுத்தான் விலக முடியவில்லை. நூற்றுக்கணக்கான முறை மை பூசித் துடைத்ததில் மரம் கரிய கண்ணாடிபோல் ஆகியிருந்தது. வேர்கள் செல்லும் இடத்தில் ஒரு மேடு மட்டும் உடைந்து, யாரோ சிறு ஆப்பு வைத்து ஒட்டியிருந்தார்கள். இரண்டு அறைகள் தாண்டிய பிறகு திரும்பிவந்து அந்த ஆப்பை மறுபடியும் பார்த்தேன். குறிப்பேட்டின் முதல் வரி: "தாவரக் கட்டை. தாள் அல்ல, கட்டை." ஏன் என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் நாள்: தி ஹேக்

ஆன்ட்வெர்ப்பிலிருந்து வடக்கே வரும் ரயிலில் நேற்றைய வரியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைய நாள் அதற்கு மாறாக அமையும் என்று எதிர்பார்த்தேன். ஏனெனில் டச்சு அச்சோவியக் கலைஞர் எஷரின் படங்களே என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தவை.

லாங்கே வோர்ஹவுட் என்ற மர நிழல் சாலையில், முன்னாளில் எம்மா அரசியின் குளிர்கால மாளிகையாக இருந்த கட்டடத்தில் 2002 முதல் எஷர் அருங்காட்சியகம் இயங்குகிறது. மௌரிட்ஸ் கொர்னேலிஸ் எஷர் 1898இல் பிறந்து 1972இல் மறைந்தவர். 1938இல் அவர் செய்த பகலும் இரவும் படத்தில், வெள்ளைப் பறவைகள் இரவை நோக்கியும் கரும்பறவைகள் பகலை நோக்கியும் பறக்க, ஒன்றின் இடைவெளியே மற்றதன் உடலாகிறது. இரண்டு கட்டைகளில் அச்சான அந்தப் படத்தை அவர் 650க்கும் மேற்பட்ட முறை அச்சிட்டிருக்கிறார். பெரும்பாலும் இயந்திரம் இல்லாமல், தாளைக் கட்டையின் மேல் விரித்து, எலும்பினால் ஆன ஒரு சிறு முட்டைக் கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்து எடுத்தவை அவருடைய மர அச்சுகள். ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமுள்ள உருமாற்றம் என்ற தொடர் படம் 1939, 1940 ஆண்டுகளில் இருபது கட்டைகளைக் கொண்டு செய்யப்பட்டது. எழுத்து சதுரமாகிறது, சதுரம் பல்லியாகிறது, பல்லி தேன்கூடாகிறது, கடைசியில் எல்லாம் மீண்டும் எழுத்தாகின்றன. அதன் முன் மெல்ல நடந்து சென்று முடித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு முழுமையானது. ஆனால் இன்னொரு முறை நடக்க வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. புதிரை விடுவித்த கையோடு படமும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது போல இருந்தது. இத்தனை ஆண்டுகள் நான் தலையில் வைத்திருந்த கலைஞரைப் பற்றி இப்படி எழுத நேர்ந்ததில் எனக்கு வருத்தம்தான். கால்கள் போகவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

கால்கள் போன இடம், அவருடைய ஆசிரியரின் படங்கள் சில வைக்கப்பட்டிருந்த ஒரு மூலை. சாமுவேல் ஜெசுரன் டி மெஸ்கிட்டா ஹார்லெம் நகரத்துக் கட்டடக்கலை, அலங்காரக்கலைப் பள்ளியில் வரைகலை கற்பித்தவர். கட்டடக்கலை படிக்க 1919இல் அங்கே சேர்ந்த எஷரின் படங்களைப் பார்த்துவிட்டு, அச்சுக்கலைக்கு வந்துவிடும்படி அறிவுரை சொன்னவர் அவர்தான். மெஸ்கிட்டாவின் மர அச்சுகளில் கருப்பு அப்படியே விடப்பட்ட பெரும் பரப்பு. ஒரு மிருகத்தின் உடலோ முகமோ அதிலிருந்து வெள்ளைக் கோடுகளாக மட்டும் வெளிப்படுகிறது. நேற்றுப் பார்த்த கட்டைகளில் உளி கோட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கிச் சென்றது. இவரிடம் உளி போன தடமே கோடாகிறது. ஒரு வெட்டு, ஒரு கோடு. இதில் திருத்துவதற்கு இடமில்லை. ஒரு பறவையின் கழுத்தில் இருபதுக்கும் குறைவான வெட்டுகளே இருந்தன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உளி மரத்துக்குள் இறங்கிய மெல்லிய முனையும், முடிவில் அது மேலேறி வந்த சிறு பிளவும் தெரிந்தன. மூன்று முறை திரும்பி வந்தேன்.

அவர் யூதர். 1944 பிப்ரவரி தொடக்கத்தில் மனைவியோடும் மகனோடும் ஆம்ஸ்டர்டாம் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, சில நாட்களில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். ஆசிரியரைப் பார்க்க வந்த எஷர், சூறையாடப்பட்ட வீட்டில் சிதறிக் கிடந்த படங்களைத் தம்மால் இயன்றவரை அள்ளிக்கொண்டு போய்க் காப்பாற்றினார். படைவீரர் காலணியின் ஆணித்தடம் பதிந்த ஒரு தாளை அவர் வாழ்நாள் முழுதும் தம்முடனே வைத்திருந்தார். மாணவராக இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எளிதில் அடுத்த அறைக்குப் போக முடியாது.

மூன்றாம் நாள்: ஹார்லெம்

இன்று எழுத அதிகம் இல்லை. ஹெண்ட்ரிக் கோல்ட்சியஸ் வாழ்ந்த ஊர் என்பதற்காக வந்தேன். குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்ததில் அவருடைய வலக்கை வெந்து, விரல்கள் முழுதாக விரியாதவாறு இறுகிவிட்டன. அந்தக் கையாலேயே பதினாறாம் நூற்றாண்டின் மிகத் திறமையான செப்புத்தகட்டுச் செதுக்குநராக அவர் விளங்கினார். கோல்ட்சியஸ் 1588இல் தம் வலக்கையைப் பேனாவால் வரைந்த ஓவியம் இங்குள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருக்கிறது. 1784இல் திறக்கப்பட்ட இது நெதர்லாந்தின் மிகப் பழைய அருங்காட்சியகம்.

ஓவியம் இன்று காட்சியில் இல்லை. தாளில் செய்த எதையும் நெடுநாள் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. காட்சிக்கு வைக்கும் வேளையிலும் 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியே தருவார்கள், பிறகு பல மாதங்களோ ஆண்டுகளோ இருட்டில் ஓய்வளிப்பார்கள். அது நியாயமே. அச்சிட்ட நகலொன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் உட்கார்ந்து என் கையை அதே வடிவில் மடக்கிப் பார்த்தேன். செதுக்குளியின் குமிழை உள்ளங்கையில் பதித்து, தோளிலிருந்து வரும் விசையால் அதைத் தகட்டில் முன்னோக்கித் தள்ளுவதே இந்த வேலை. வளைவு வேண்டுமிடத்தில் உளியைத் திருப்புவதில்லை, மணல் நிரப்பிய தோல் திண்டின் மேல் இருக்கும் தகட்டையே திருப்புவார்கள். விரல் நுனியின் நளினம் இதில் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. சற்றே அழுத்தினால் பள்ளம் ஆழமாகி அகலும், விட்டால் மெலியும். கோல்ட்சியஸின் கோடுகள் பருத்தும் மெலிந்தும் ஓர் உடலின் திரட்சியைக் காட்டுவது அந்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தால்தான்.

குறிப்பேட்டில் இன்று ஏதும் எழுதவில்லை.

நான்காம் நாள்: ஆம்ஸ்டர்டாம், ரைக்ஸ் அருங்காட்சியகம்

ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவில், முன்பே எழுதிக் கேட்டால், வாசிப்பு அறையில் தாள்களை மேசையில் வைத்துப் பார்க்க இடம் தருகிறார்கள். கைகளைக் கழுவ வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். கண்ணாடியின் குறுக்கீடு இல்லாமல், ஓர் அடி தூரத்தில், தாளைச் சாய்த்து ஒளியில் பார்க்கும்போதுதான் மை தாளின் மேல் நிற்கும் உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. திரையில் நான் ஆயிரக்கணக்கில் பார்த்த அச்சோவியங்களில் இல்லாமல் போனது இந்த உயரம்தான் என்பதை முதல் தாளிலேயே உணர்ந்தேன்.

கோல்ட்சியஸைக் கேட்டிருந்தேன்; அதோடு, பாடத்தில் ஒரே ஒரு பத்தியில் வந்துபோன ஹெர்குலஸ் செகர்ஸ் என்ற பெயரையும் எழுதியிருந்தேன். இரண்டாவது பெயரை எழுதியது ஒரு தற்செயல் என்று நினைக்கும்போது இப்போது பயமாக இருக்கிறது.

செகர்ஸ் 1590ஐ ஒட்டிப் பிறந்து 1638ஐ ஒட்டி மறைந்தவர். ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட தகடுகளில் அவர் வேலை செய்திருப்பதும், அவற்றிலிருந்து இருநூறுக்கும் குறைவான அச்சுகளே இன்று உலகில் எஞ்சியிருப்பதும் தெரிகின்றன; அவற்றில் மிகப் பெரிய தொகுப்பு இங்கேதான் உள்ளது. அச்சு என்றால் வெள்ளைத் தாளில் கருப்பு மை என்று எல்லாரும் இருந்த காலத்தில் அவர் நீலத்திலும் பச்சையிலும் அச்சிட்டார். தாளுக்கு முன்கூட்டியே வண்ணம் பூசினார், சில நேரம் தாளைக் கைவிட்டுத் துணியில் அச்சிட்டார். அச்சான பிறகும் தூரிகையால் அதன் மேல் வண்ணம் தீட்டினார். பிடிக்காத ஓரத்தைக் கத்தரித்து எறிந்தார். அடைபட்ட பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும் படத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட அச்சுகள் கிடைத்திருக்கின்றன. ஒரே தகட்டில் பிறந்தவை என்றாலும் ஒன்று விடியலாகவும் ஒன்று புயலுக்கு முந்திய மாலையாகவும் தோன்றுகின்றன. ரைன்ஸ்பர்க் மடத்தின் இடிபாடுகளை இருண்ட தரையின் மேல் வெளிறிய மையில் அச்சிட்டிருக்கிறார்; செங்கற்கள் தாமே ஒளிர்வது போல இருக்கும்.

பாசி படர்ந்த மரம் என்ற சிறு தாள் உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு அவர் கையாண்ட முறை எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் சர்க்கரை முறை என்று கற்பிக்கப்பட்டது. சர்க்கரை கரைத்த மையால் தகட்டில் தூரிகை கொண்டு வரைந்து, உலர்ந்ததும் தகடு முழுவதையும் மெழுகுப் பூச்சால் மூடி, வெந்நீரில் இட்டால், சர்க்கரை ஊறி உப்பி, தன் மேலிருக்கும் பூச்சைத் தூக்கி எறிந்துவிடும். தூரிகை போன இடங்களில் மட்டும் செம்பு வெளிப்படும்; அமிலம் அங்கே கடித்து, மை நிற்கும் பள்ளமாக்கும். இவருக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக வேறெவரும் இதைச் செய்ததாகத் தெரியவில்லை. அந்த மரத்தின் தொங்கும் பாசி ஓரிடத்தில் புள்ளியாகவும் ஓரிடத்தில் கறையாகவும் இருக்கிறது. எது மரம், எது செம்பு அரித்துப்போன தற்செயல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு நிலக்காட்சியில், பாறைகளுக்கு மேலே வானத்தில், காரணமே இல்லாத நேர்க்கோடுகள் சில குறுக்கே செல்வதைக் கண்டு, தகடு கீறிவிட்டதோ என்று எண்ணினேன். கப்பலைப் பொறித்த ஒரு பெரிய தகட்டை அவர் துண்டுகளாக வெட்டி, அவற்றின் மேலேயே புதிய நிலக்காட்சிகளைப் பொறித்தாராம். பாய்மரக் கயிறுகள் முழுதும் மறையாமல் வானத்தில் நின்றுவிட்டன. ஆன்ட்வெர்ப்பில் பார்த்த ஆப்பு அப்போது என் நினைவுக்கு வந்தது. முதல் நாள் என்னால் சொல்ல முடியாமற்போன காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு தகடோ கட்டையோ தனக்கு நேர்ந்ததையெல்லாம் நினைவில் வைத்திருப்பதும், அதை அச்சு வெளியே சொல்லிவிடுவதுமே என்னைக் கவர்கின்றன. படிகளுக்குள் வேறுபாடு இல்லாத சீர்மை என்று முதல் நாள் நான் எழுதிய இலக்கணத்தை இந்த மேசையில் இருந்த ஒரு தாள்கூட மதிக்கவில்லை.

அறையை மூடும் நேரம் வரை நான் கோல்ட்சியஸின் உறையைத் திறக்கவேயில்லை.

ஐந்தாம் நாள்: ஆம்ஸ்டர்டாம், ரெம்பிராண்ட் இல்லம்

ரெம்பிராண்ட் 1639இல் 13,000 கில்டருக்கு வாங்கி, கடனை அடைக்க முடியாமல் 1656இல் திவாலாகி, 1658இல் விட்டு வெளியேறிய வீடு இது. கடனுக்காக அதிகாரிகள் எழுதிய பொருட்பட்டியல் இன்றும் இருப்பதால், எந்த அறையில் எது இருந்தது என்று கண்டு வீட்டை மீண்டும் அமைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் செகர்ஸின் ஓவியங்கள் எட்டு இருந்தன என்பது நேற்றுவரை எனக்கு ஒரு தகவலாகக்கூடப் பட்டிருக்காது.

மாடியில் அச்சு எடுத்துக் காட்டுகிறார்கள். செய்முறை எங்கள் கூடத்தில் செய்வதுதான்: மெழுகு பூசிய செப்புத்தகட்டில் ஊசியால் வரைந்து, அமிலத்தில் இட்டு, பள்ளங்களில் மையை அழுத்தி நிரப்பி, மேற்பரப்பைத் துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்து, நனைத்த தாளை வைத்து, கம்பளித் துணியை மேலே போட்டு, உருளைகளுக்கு நடுவே செலுத்துவது. துடைப்பதில்தான் நான் இதுவரை கவனம் வைக்காமல் இருந்திருக்கிறேன். முழுதாகத் துடைத்தால் வெள்ளை வெள்ளையாக வரும். மெல்லிய மைப்படலத்தைத் தகட்டில் விட்டுவைத்தால் அந்த இடம் அந்தியாகிவிடும். ரெம்பிராண்ட் ஒவ்வொரு தாளுக்கும் வேறு வேறாகத் துடைத்தார். ஜப்பானியத் தாளிலும் தோல்தாளிலும் அச்சிட்டு, அவை மையை வாங்கும் விதத்தைச் சோதித்தார்.

1653இல் அவர் செய்த மூன்று சிலுவைகள் படத்தில் அமிலமே இல்லை. ஊசியால் செம்பை நேரடியாகக் கீறியவை அந்தக் கோடுகள். கீறும்போது உழுசால் ஓரத்து மண்போல இருபுறமும் எழும் செம்புப் பிசிர், மையைப் பிடித்துவைத்து, கோட்டுக்கு வெல்வெட் போன்ற கசிவைத் தருகிறது. உருளையின் அழுத்தத்தில் அந்தப் பிசிர் சீக்கிரமே நசுங்கிப் போகும். சில பத்துப் படிகளுக்கு மேல் அந்தக் கருமை கிடைக்காது. பிசிர் தேய்ந்த பிறகு அவர் அதே தகட்டைச் சுரண்டி, உருவங்களை மாற்றி, நெடுங்கோடுகளால் இருளை இறக்கினார். அச்சுத்துறையில் இப்படி மாறும் ஒவ்வொரு கட்டத்தையும் நிலை என்கிறோம்; நான்காம் நிலையில் சிலுவைகளைச் சுற்றியுள்ள கூட்டத்தின் பெரும்பகுதியை இருட்டு விழுங்கிவிடுகிறது.

1650இல் அவர் பொறித்த ஒரு கடற்சங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகட்டில் வரைவது தாளில் இடவலமாக மாறி விழும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். தம் கையொப்பம் தாளில் நேராக விழ வேண்டும் என்று அதை இடவலம் மாற்றி எழுதியவர், சங்கை மட்டும் கண்முன் கண்டபடியே வரைந்துவிட்டார். அதனால் தாளில் அதன் சுருள் இயற்கைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. கவனப்பிழை என்று சிலர் சொல்லக்கூடும். பார்க்கும் பொருளின் மேல் அத்தனை பற்று இருந்தால் திசை நினைவுக்கு வராது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இன்றைய குறிப்பேட்டில் இருப்பது வேறொன்று. செகர்ஸ் பொறித்த ஒரு செப்புத்தகடு பிற்காலத்தில் ரெம்பிராண்டின் கைக்கு வந்தது. அதில், விவிலியக் கதையில் வரும், தேவதூதனோடு நடக்கும் தோபியாவின் பெரிய உருவங்கள் இருந்தன. அவற்றைத் தேய்த்து நீக்கிவிட்டு, அந்த இடத்தில் குழந்தை இயேசுவோடு எகிப்துக்குத் தப்பிச் செல்லும் குடும்பத்தைச் சிறிதாக வைத்து, சுற்றிலும் மரங்களை எழுப்பினார் ரெம்பிராண்ட். தொலைவில் இருந்த செகர்ஸின் நிலக்காட்சியைத் தொடவில்லை. அந்த மரங்களுக்குள் உற்றுப் பார்த்தால் தேவதூதனின் இறக்கையின் கோடுகள் இன்னும் தெரிகின்றன. முழுதும் அழிக்க அவரால் முடியாதது அல்ல அது. மறைந்த ஒருவரின் தகட்டில் வேலை செய்யும்போது எதை அழிக்கலாம், எதை விடலாம் என்று அவர் எடுத்த முடிவைத்தான் நான் அந்தத் தாளில் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் பாதி இறங்கிய பின் மேலேறிப் போனேன். வாசல் வரை வந்த பின் இன்னொரு முறையும் போனேன்.

இரவு ஆசிரியைக்குக் கடிதம் எழுதினேன். ஒரே மாதிரி இருபது படிகள் என்ற திட்டத்தைக் கைவிட்டு, ஒரு தகட்டை அச்சிட்டுச் சுரண்டி மறுபடியும் அச்சிட்டு, இருபது தாள்களும் அந்தத் தகட்டின் வரலாறாக அமையும்படி செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன். வரிசை எண் இட்ட, வேறுபாடற்ற படிகள் என்ற வழக்கமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது என்பதையும் அதில் சேர்த்தேன். என் பக்கம் ஒரு வாதம் இருக்கட்டும் என்பதற்காக.

ஆறாம் நாள்: குரோனிங்கன்

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வடக்கே வந்தால், நிலையத்துக்கு எதிரிலேயே நீரின் நடுவே குரோனிங்கன் அருங்காட்சியகம் நிற்கிறது. நான் தேடி வந்த ஹென்ட்ரிக் நிக்கோலாஸ் வெர்க்மன் ஓவியப் பள்ளியில் பயின்றவர் அல்லர். விளம்பரங்களும் வணிகச் சீட்டுகளும் அச்சிட்டு வாழ்ந்த ஓர் அச்சகத்தார். 1923இல் தொழில் நொடித்து, ஒரு கிடங்கின் மேல்மாடிக்குச் சுருங்கிய பிறகு, மிஞ்சியிருந்த கை இயந்திரத்தையும் பழைய மர எழுத்துகளையும் கொண்டு அவர் படம் செய்யத் தொடங்கினார். எழுத்துகளின் முகத்தையும் முதுகையும், இடைவெளி நிரப்பும் கட்டைகளையும் மையில் தொட்டுத் தாளில் பதித்தார். மை பூசும் ரோலரையே தாளின் மேல் உருட்டினார், அதன் விளிம்பால் கோடு இழுத்தார். ஒரே தாளைப் பல பத்து முறை இயந்திரத்தில் செலுத்தியதும் உண்டு. இவற்றுக்கு அவர் இட்ட பெயர் டிரக்செல். அச்சிடுதல் என்ற டச்சுச் சொல்லிலிருந்து அவரே உருவாக்கியது.

ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் நண்பர்களோடு சேர்ந்து நீலப்படகு என்ற பெயரில் அவர் மறைவாக வெளியிட்ட ஏறத்தாழ நாற்பது சிறு வெளியீடுகளுக்கும், 1941 முதல் 1943 வரை யூதர்களின் ஹசிதியக் கதைகளுக்காகச் செய்த இருபது அச்சுகளுக்கும் இந்த முறையே பயன்பட்டது. 1945 மார்ச்சில் கைதானார். ஏப்ரல் 10 அன்று வேறு ஒன்பது பேரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் நகரம் விடுதலை பெற்றது. அந்தச் சண்டையில் எழுந்த தீயில், அவரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட படங்களும் எரிந்துபோயின.

எஞ்சியவற்றில் ஒன்றின் முன் நின்றபோது, ரோலரின் இணைப்புத் தழும்பு ஒரே இடைவெளியில் மூன்று முறை வானத்தில் விழுந்திருப்பதைக் கண்டேன். ரோலரின் சுற்றளவை அந்தத் தாளிலேயே அளந்துவிடலாம். அவர் அதை மறைக்க முயலவில்லை. மூன்றாவது தழும்பின் மேல்தான் தலை குனிந்த மனிதர் நடந்து செல்கிறார்.

மாலையில், வருவோருக்கு ரோலரும் மேசையும் தரும் ஒரு சிறு அச்சுக்கூடத்தில் மூன்று மணி நேரம் வேலை செய்தேன். தகடு இல்லை, கட்டை இல்லை. ஒரு ரோலரும் இரண்டு மைகளும் வெட்டிய அட்டைத் துண்டுகளும் மட்டும். ஒன்பது தாள்கள் எடுத்தேன். நீலம் காய்வதற்குள் பழுப்பை உருட்டியதில் நான்காவது தாளில் இரண்டும் கலந்து சேறாகிவிட்டன. எட்டாவது சற்று அழகாக வந்திருந்தது. அழகாக வர வேண்டும் என்று நான் எச்சரிக்கையாக உருட்டியதும் அதில் தெரிந்தது. பென்சிலை எடுத்து வழக்கம்போல் ஓரத்தில் எண்ணும் மொத்தமும் எழுதப் போனவன், நிறுத்திவிட்டு, எந்த மணிக்கு எடுத்தேன் என்பதை ஒவ்வொன்றிலும் எழுதினேன். தாள்களைக் கம்பியில் மாட்டிவிட்டுக் கைகளைக் கழுவிக்கொண்டு வாசல்வரை வந்தவன், ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்ததால் உள்ளே திரும்பிப் போய், ஐந்தாவது தாளின் இடது ஓரத்தில் ரோலர் வழுக்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.